ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறதா?

“ஏம்மா, ஜன்னல் கம்பி நடுவுல வளைஞ்சிருக்கே... யாராவது இடிச்சிட்டாங்களா?”

உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படிக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். கம்பி நேராகத்தான் இருக்கிறது. கோளாறு கண்ணுக்குள்ளே!

பேப்பரில் வரிகள் நெளிவது, எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் மங்குவது, பார்வையின் நடுவில் கறுப்புத் திட்டு... இவை ‘மாகுலா தேய்மானம்’ என்ற நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ‘கண்புரைதானே, மெதுவா பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் நாம் செய்யும் முதல் தப்பு.

அது என்ன மாகுலா?

காமிராவுக்கு ஃபிலிம் மாதிரி, கண்ணுக்கு விழித்திரை. அதன் நடுப்பகுதிதான் மாகுலா. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, ஆளை அடையாளம் காண்பது எல்லாம் இதன் தயவில்தான். வயதாக ஆக, சிலருக்கு இது தேய்கிறது. உலர் வகை மெதுவாக நகரும். ஈர வகை அப்படியில்லை. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும். சில வாரங்களிலேயே நடுப்பார்வை போய்விடலாம். ஓரப்பார்வை இருப்பதால் வீட்டுக்குள் நடமாடலாம். ஆனால், பேரன் முகம் தெரியாது!

ஊசியா... கண்ணிலா?

கேட்டதுமே வயிற்றைக் கலக்குகிறதா? பயம் வேண்டாம். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகுதான் ஊசி. சில நிமிட வேலை. அன்றே வீடு திரும்பலாம். கசியும் ரத்தக்குழாய்களை இந்த மருந்து அடக்கி வைக்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் ஒன்று. பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “மூணு ஊசி போட்டாச்சு, பார்வை ஒண்ணும் கூடலையே” என்று நிறுத்திவிடுகிறார்கள். பார்வை கூடினால் அது லாபம். இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம். 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாதாமாதம் ஊசி போட்டவர்களில் 100-க்குச் சுமார் 95 பேருக்கு, ஒரு வருடம் கழித்தும் பார்வை பெரிதாகக் குறையவில்லை. போடாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 62 பேர்தான்!

எந்த மருந்து நல்லது?

ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப், ஃபாரிசிமாப் எனப் பல உண்டு. பெவாசிசுமாப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. சிறு சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் செலவு மிகவும் குறைவு. ‘மலிவு மருந்து வேலை செய்யுமா?’ என்ற சந்தேகம் நியாயமானதே. 2011-ல் அமெரிக்காவில் ரானிபிசுமாபோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டும் பார்வையில் சமம். ஆனால் பிரிக்கும்போது சுத்தம் மிக முக்கியம். ‘எங்கே, எப்படிப் பிரிக்கிறீர்கள்?’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாபின் விலை அதிகம். ஆனால் சிலருக்கு நான்கு மாதம் வரை இடைவெளி விடலாம்.

ஆக, கணக்கு ஒரு ஊசிக்கு அல்ல. ஒரு வருடத்துக்குப் போடுங்கள். மருந்து விலை, ஸ்கேன், போக்குவரத்து, துணைக்கு வருபவரின் லீவு எல்லாம் சேர்த்து. இரண்டு விலை உயர்ந்த ஊசியோடு நிறுத்துவதைவிட, கைக்கு எட்டும் மருந்தை விடாமல் தொடர்வது மேல். இன்ஷூரன்ஸ் இருந்தால், கண்ணுக்குள் போடும் ஊசிக்கு எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஊசிக்குப் பிறகு வலியோ சிவப்போ அதிகமானால், பார்வை மங்கினால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பாருங்கள். பிறகு மறு கண். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். கோடு வளைந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ, அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் போங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். இந்த நோய்க்கு அது நெருங்கிய கூட்டாளி!