இரண்டு மரங்கள் காட்டிய வீடு

1960 ஜூன் மாதம் சிட்னியில் ஒரு குடும்பத்துக்கு லாட்டரியில் 1,00,000 பவுண்டு விழுந்தது. ஆப்பெரா ஹவுஸ் கட்டுவதற்குப் பணம் திரட்ட அரசே நடத்திய லாட்டரி அது. பரிசு பெற்றவரின் பெயரோடு விலாசத்தையும் பத்திரிகைகளில் போட்டுவிடுவது அந்தக் கால வழக்கம். ஜூலை 7ஆம் தேதி காலை, அந்த வீட்டுப் பையன், 8 வயது கிரேம் தார்ன், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான். தினமும் காரில் ஏறும் தெருமுனைக்குக் கார் வந்தபோது அவன் அங்கே இல்லை. சற்று நேரத்தில் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. 25,000 பவுண்டு கேட்டது ஓர் ஆண் குரல். பணம் கைமாறவேயில்லை. ஆகஸ்ட் 16ஆம் தேதி, நகரின் வடக்கே சீஃபோர்த்தில் ஒரு காலி மனையில், கம்பளி விரிப்பில் சுற்றிய நிலையில் அவன் உடல் கிடைத்தது.

கடத்தல் நடந்த தெருவில் நீல நிற ஃபோர்டு கஸ்டம்லைன் கார் ஒன்று நின்றதைப் பார்த்ததாக ஒரு சாட்சியம் வந்திருந்தது. ஆனால் அந்த வகைக் கார் மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலை வைத்து ஓர் ஆளை எட்டுவது கடினம். ஆகவே போலீசார் விரிப்பையும் பையனின் துணிகளையும் காலணியையும் ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள்.

காலணியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணம் தன் விருப்பத்துக்கு வளர்வதில்லை. ஈரமும் வெப்பமும் அமைந்தால் முளைத்து, பரவி, வித்துகளை உண்டாக்குவதற்கு ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய இன்ன காலம் என்று கணக்கு உண்டு. எந்தெந்த வகை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தபோது, கடத்திய சில நாட்களுக்குள்ளேயே உடல் அங்கே போடப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது. விரிப்பில் ஒட்டியிருந்த முடி, பெக்கினீஸ் என்ற சிறு ரக நாயின் முடி. துணிகளில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புத் துகள், வீடு கட்டும்போது செங்கலுக்கு இடையே பூசும் சுண்ணாம்புக் காரை.

மிஞ்சியவை செடித் துணுக்குகள். அவை ஜாய்ஸ் விக்கரியின் மேஜைக்குப் போயின. சிட்னி தாவரவியல் பூங்காவின் உலர்தாவரச் சேகரிப்பில் 1936 முதல் வேலை பார்த்தவர். புல்லினங்களை வகைப்படுத்துவதில் பேர்பெற்றவர். நகக்கண்ணில் அடங்கும் துணுக்கை வைத்துக்கொண்டு மரத்தின் பெயரைச் சொல்ல முடியுமா? சைப்ரஸ் மரங்களில் முடியும். பெரும்பாலான சைப்ரஸ்களுக்கு இலை, கிளையோடு ஒட்டிப் படிந்த செதில்தான். அமெரிக்காவின் அரிசோனா பக்கத்து வகை ஒன்றில் செதில் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிசின் சுரப்பி இருக்கும். அதிலிருந்து கசிந்து உலர்ந்த பிசின் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஜப்பானின் சவாரா சைப்ரஸில் தோட்டக்காரர்கள் வளர்க்கும் ஒரு ரகம், வயதான பிறகும் நாற்றுப் பருவத்து மெல்லிய ஊசி இலைகளையே தாங்கி நிற்கும். உருப்பெருக்கியின் கீழே, பெயர் எழுதிய உலர்மாதிரிகளோடு ஒப்பிட்டு, இந்த இரண்டும் துணுக்குகளில் இருப்பதை விக்கரியும் சக ஆய்வாளர்களும் உறுதிசெய்தார்கள்.

இரண்டுமே ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்து வந்த தோட்ட மரங்கள். ஒன்று பல வீடுகளில் உண்டு, மற்றது அபூர்வம். உடல் கிடைத்த மனையில் இரண்டில் எதுவும் இல்லை. அப்படியானால் துணுக்குகள் வேறு எங்கிருந்தோ வந்தவை. அந்த இடம் எப்படி இருக்கும் என்பதையும் இனிச் சொல்லிவிடலாம்: இளஞ்சிவப்புக் காரை பூசிய வீடு, வாசலில் இந்த இரண்டு மரங்களும் சேர்ந்து நிற்க வேண்டும். போலீசார் அதைத் தேடிப் புறப்பட்டார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில், சீஃபோர்த்தை அடுத்த கிளான்டார்ஃபில் அப்படி ஒரு வீடு கிடைத்தது. அங்கே குடியிருந்த ஸ்டீபன் பிராட்லி, பையன் காணாமல்போன அதே நாளில் வீட்டைக் காலிசெய்திருந்தார். அவரிடம் நீல நிறக் கஸ்டம்லைன் இருந்தது. பெக்கினீஸ் நாயும் இருந்தது. வீட்டில் விட்டுப்போன புகைப்படச் சுருளைக் கழுவிப் பார்த்தால், குடும்பம் உல்லாசமாக உட்கார்ந்திருந்தது அதே மாதிரி விரிப்பின் மேல். ஆனால் ஆள் ஊரில் இல்லை. குடும்பத்தோடு 'ஹிமாலயா' கப்பலில் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். கப்பல் கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டபோது இலங்கைப் போலீசார் அவரைக் கைதுசெய்தார்கள். கொழும்பு நீதிமன்றத்தில் வழக்காடி, நவம்பரில்தான் சிட்னிக்குக் கொண்டுவர முடிந்தது.

பிராட்லி குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிய வாக்குமூலம் ஒன்று இருந்தது. விசாரணையில் அதை மறுத்தார். குடும்பத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் எழுதியது என்றார். 1961 மார்ச் 29ஆம் தேதி ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடியானது. 1968இல் சிறையிலேயே இறந்தார்.

மேல்முறையீடு என்பது வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவதல்ல. பதிவான சாட்சியத்தை வைத்து, சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா, நியாயமான ஒரு ஜூரி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்று நீதிபதிகள் பார்க்கிறார்கள். கண்ணால் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் இன்னொரு கேள்வியும் சேரும்: இத்தனை பொருத்தமும் தற்செயலாக அமைந்திருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லப்போய்க் கவிழ்ந்த வழக்கு ஒன்று உண்டு. 1964இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வழிப்பறி; குற்றம் சாட்டப்பட்டது ஒரு ஜோடி. மஞ்சள் கார், மீசைக்காரர், தாடி வைத்த கறுப்பினத்தவர், குதிரைவால் கூந்தல் பெண் முதலான ஆறு அடையாளங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவைப் போட்டுப் பெருக்கி, இப்படி ஒரு ஜோடி அமைய 1,20,00,000இல் ஒரு வாய்ப்புத்தான் என்றது அரசுத் தரப்பு. 1968இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. போட்ட எண்களுக்கு ஆதாரம் இல்லை. தாடி வைத்தவர் பெரும்பாலும் மீசையும் வைத்திருப்பார் என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கியதே தப்பு. அந்தக் கணக்கு சரியென்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவு பெரிய ஊரில் அதே அடையாளங்களோடு இன்னொரு ஜோடி இருக்கவே முடியாது என்று அது காட்டவில்லை.

சிட்னியின் தாவரவியலாளர்கள் போட்ட கணக்கு வேறு. பிடிபட்ட ஆளைப் பார்த்துவிட்டு அவரோடு எவையெல்லாம் பொருந்துகின்றன என்று அவர்கள் தேடவில்லை. வீட்டை யாரும் பார்ப்பதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது தப்பாகப் போயிருக்கலாம். அப்படி ஒரு வீடு கிடைக்காமலே போயிருக்கலாம், அல்லது கிடைத்த வீட்டில் நாயும் காரும் இல்லாமல் இருந்திருக்கலாம். அறிவியலில் ஒரு கருதுகோளை மதிப்பதும் இப்படித்தான்: தோற்பதற்கு வாய்ப்புக் கொடுத்து, அது தோற்கிறதா என்று பார்ப்பது. ஒரு தடய அறிக்கை கைக்கு வந்தால், அதில் எத்தனை பொருத்தங்கள் என்று எண்ணுவதற்கு முன், ஆளைப் பிடித்த பிறகு எழுதியதா, முன்பே எழுதியதா என்று தேதியைப் பார்ப்பது நல்லது.