நீலமா, மஞ்சளா?

வீட்டிற்கு வர்ணம் பூசும் காலம் வந்துவிட்டால், ஒற்றுமையாக வாழும் குடும்பத்திலும் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ஐயாவுக்குக் கடும்நீலம் வேண்டும். அம்மாவுக்கு இளமஞ்சள் வேண்டும். நிற அட்டையை நடுவில் வைத்து நடைபெறும் இவ்வழக்கிலே, அவ்வறையில் நாள் முழுவதும் இருக்கப்போகின்ற ஆச்சியை எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

நிறம் தனித்து நிற்பதன்று. அயல்நிறத்தைச் சார்ந்தே தோன்றுவது. பாரிஸ் நகரத்துக் கோபெலின் சித்திரத் திரைச்சீலை ஆலையிலே, கறுப்பு நூல் வெளிறித் தெரிகின்றதென முறைப்பாடு எழுந்தது. அங்கே சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயன அறிஞர் ஷெவ்ரல் ஆராய்ந்தார். சாயத்திற் குறையில்லை, அருகே நெய்யப்பட்ட நீல, ஊதா நூல்களே அத்தோற்றத்திற்குக் காரணம் எனக் கண்டார். 1839ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இவ்வுண்மையை விதியாக வகுத்தது. ஆதலின், அட்டையிலுள்ள சிறு கட்டத்தை நம்பி நான்கு சுவர்களையும் முடிவுசெய்தல் தகாது.

அடுத்தது வெளிச்சம். குருநகரிற் கடல் தென்புறத்தே உள்ளது. கடலை நோக்கிய யன்னலினூடாக மார்கழி, தை மாதங்களின் வெயில் நேரே புகும். நீரிற் பட்டுத் தெறிக்கும் ஒளியும் உடன் சேரும். அங்கே நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி தரலாம். ஒழுங்கையை நோக்கிய, அயல்வீட்டு மதில் மறைத்த அறையிலோ அதே நீலம் பகலையும் மாலையாக்கிவிடும். இளமஞ்சளோ உள்ளே வரும் சிறிதளவு ஒளியையும் திருப்பித் தரும்.

இனி ஆச்சியின் கண்ணைக் கவனிப்போம். முதுமையிலே விழிவில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கின்றது. இளையோருக்கு அழகாய்த் தோன்றும் கடும்நீலம் அவருக்குக் கறுப்பாகவே தெரியலாம். ஆயின், எங்கும் இளமஞ்சளே என்பதும் தீர்ப்பாகாது. சுவரும் கதவுநிலையும் ஒரே நிறமாயின், இரவில் எழுந்து வருபவருக்கு வாசல் எது, சுவர் எது என்பது புலப்படாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், அறையின் அழகினால் யாது பயன்?

ஆகவே, சுவருக்கு இளமஞ்சள், கதவுநிலைக்குக் கடும்நீலம் என்பதே இரு கட்சியும் ஏற்கத்தக்க தீர்ப்பு. கறுப்பாய்த் தெரிந்தாலும் அந்நீலம் வாசலைக் காட்டிக்கொடுக்கும்.

கடற்காற்றினால் உவர் பூத்த சுவரை முதலிற் சுரண்டி உலரவிடுங்கள். பின்னர் இரு நிறங்களையும் அருகருகே இரண்டடி அகலத்திற் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்னும் பாருங்கள். பார்க்கும்போது ஆச்சியையும் அழைத்துக் கேளுங்கள், அறை அவருடையது.