பறவைக் கணக்கெடுப்பும் பொதுமக்களும்

இயற்கையை ஆராய்தல் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளுக்கே உரிய பணி என்று பலர் கருதுவர். ஆயினும், எந்தப் பறவை எங்கு வாழ்கின்றது, அதன் தொகை பெருகுகின்றதா அருகுகின்றதா என்பன பற்றி இன்று நாம் அறிந்துள்ளவை பெரும்பாலும் ஆசிரியர், மாணவர், இளைப்பாறியோர் முதலிய பொதுமக்கள் ஊதியம் கருதாது திரட்டிய குறிப்புகளிலிருந்து பெறப்பட்டவையாகும்.

வட அமெரிக்காவில் 19 ஆம் நூற்றாண்டிலே நத்தார்க் காலத்தில் ஒரு வேட்டை வழக்கம் நிலவியது. மக்கள் இரு பகுதியினராகப் பிரிந்து, பறவைகளையும் சிறு விலங்குகளையும் சுட்டுக் குவிப்பர். பெருங்குவியலை உடையோர் வென்றோராவர். இவ்வழக்கத்துக்கு மாற்றாக, பறவைகளைச் சுடாது எண்ணுமாறு பிராங் சப்மன் என்னும் பறவையியலறிஞர் வேண்டினார். அதன்படி 1900 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணி, ஏறத்தாழ 90 இனங்களைப் பதிவு செய்தனர். அன்று தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. பல்லாயிரவர் அதிற் பங்குபற்றுகின்றனர்.

பயிற்சி குறைந்தோர் எண்ணுவதை எங்ஙனம் நம்பலாம் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அதற்கு விடை கணக்கெடுப்பின் ஒழுங்கிலே உள்ளது. 15 மைல் விட்டமுள்ள வட்டம் ஒன்று வரையறுக்கப்படும். டிசெம்பர் 14 முதல் சனவரி 5 வரையுள்ள காலத்தில் ஒரு நாளைத் தெரிந்து, அன்று கண்டனவும் குரல் கேட்டனவுமாகிய பறவைகள் அனைத்தையும் எண்ணுவர். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் சென்று தேடினர் என்பதையும் குறிப்பர். பலர் தேடினாற் பல பறவைகள் தென்படுமாதலின், தேடிய நேரத்தோடு ஒப்பிட்டே தொகையை மதிப்பிடல் வேண்டும். மழையாலோ மறதியாலோ ஓராண்டின் எண் பிழைபடலாம். எனினும் அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையிற் பல்லாண்டு எண்ணும்போது உண்மைப் போக்குப் புலனாகும்.

இதன் பயன் 2019 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வினால் நன்கு விளங்கிற்று. 1970 ஆம் ஆண்டின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 290 கோடி பறவைகள் குறைந்துள்ளன என அது காட்டியது. குறைந்தவற்றுட் பல, எவரும் பொருட்படுத்தாத சாதாரணச் சிறு பறவைகள். தன்னார்வலரின் நெடுங்காலக் கணக்கு இல்லையேல் இவ்விழப்பை உலகம் உணர்ந்திராது. ஈரநிலங்கள் பேணப்பட்டமையால் வாத்தினங்கள் பெருகியமையும் அதே கணக்கினாலே தெரியவந்தது. எனவே அது இழப்பை மட்டுமன்றி மீட்சிக்குரிய வழியையும் காட்டுவதாகும்.

ஆசியாவில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 ஆம் ஆண்டு தொடங்கியது. சனவரி மாதத்திற் பல நாடுகளிலும் ஒரே காலத்தில் இது நடத்தப்படுகின்றது. பறவைகள் நாட்டெல்லை அறியாதன. வெவ்வேறு மாதங்களில் எண்ணின், ஒரே கூட்டம் இரு நாடுகளில் இருமுறை எண்ணப்படலாம். இலங்கையில் இப்பணியில் 1943 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இலங்கைப் பறவைக் கழகம் ஈடுபட்டுள்ளது. மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகள் வட ஆசியாவிலிருந்து வரும் வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் மாரிக்கால உறைவிடங்களாகும். மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இப்பணிக்கு வேண்டுவன கூரிய கண்ணும், குறிப்பேடும், கண்டதைக் கூட்டாது குறையாது எழுதும் நேர்மையுமே. இவற்றை மாணவர் எளிதிற் பயிலலாம். காலந்தாழ்த்தல் மட்டும் தகாது. எண்ணாது கழிந்த ஓராண்டின் கணக்கைப் பின்னர் எவராலும் மீட்டல் இயலாது.