கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்கிங்

திருவண்ணாமலையை அக்னித் தலம் என்பார்கள். மே மாதத்தில் ஒரு முறை அந்த ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். கத்திரி தொடங்கிவிட்டால் பகலில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர்களில் பலரும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை இரவில்தான் நடக்கிறார்கள். பகலில் அந்தத் தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியாது. சூரியன் இறங்கினாலும் சூடு உடனே இறங்காது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த பாறையும், வீடுகளின் கான்கிரீட் கூரையும் அதை நடுநிசி வரை மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மாடி அறைக்குள் இரவு பத்து மணிக்குக்கூடப் புழுங்கும்.

பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருப்பது அந்த மாடி அறையில்தான். கோடை விடுமுறையில் அதன்முன் உட்கார்ந்து கேம் ஆடுகிற அண்ணனுக்கு ஒரு நாள் ஆசை வரும்: "புராசசரை ஓவர்கிளாக் பண்ணிப் பார்த்தா என்ன?"

பண்ணலாம். ஆனால் ஊட்டியில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு கணக்கு, திருவண்ணாமலை அண்ணனுக்கு வேறு கணக்கு.

முதலில், ஓவர்கிளாக் செய்யும்போது எதைக் கூட்டுகிறோம்? புராசசருக்குள் எல்லா வேலையும் ஒரு தாளத்துக்கு நடக்கிறது. மதர்போர்டு அதற்கு நொடிக்கு 10 கோடித் துடிப்புகளைத் தருகிறது. இது 100 மெகாஹெர்ட்ஸ். புராசசர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. அந்த எண் 45 என்றால் நொடிக்கு 450 கோடித் துடிப்பு, அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸ். 45 என்பதை 46 ஆக்கு, 47 ஆக்கு என்று பயாஸ் எனும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில் போய் மாற்றுவதுதான் ஓவர்கிளாக்கிங். எல்லாப் புராசசரும் இதற்கு இடம் கொடுக்காது. இன்டெலில் பெரும்பாலும் பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' என்ற எழுத்து உள்ள ரகங்களில்தான் பெருக்கல் எண் பூட்டப்படாமல் இருக்கும். ஏஎம்டியின் ரைசன் ரகங்களில் பெரும்பாலானவை திறந்தே இருக்கும்.

ஒரு துடிப்பு எவ்வளவு குட்டி நேரம் என்று பார்ப்போமா? 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் புராசசரின் ஒரே ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியால் 6 சென்டிமீட்டர்தான் போக முடியும். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியே உங்கள் ஆள்காட்டி விரலின் நீளத்தைத்தான் கடந்திருக்கும். அதற்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து, மூடி, விடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தாளத்தை வேகப்படுத்தினால் சில டிரான்சிஸ்டர்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகும். விடை தப்பாகும், திரை நீலமாகும், கம்ப்யூட்டர் நின்றுவிடும். அவற்றைச் சுறுசுறுப்பாக்க ஒரு வழி உண்டு. கொடுக்கும் வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டுவது. வம்பே அங்கேதான் தொடங்குகிறது.

டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் துளி மின்சாரம் நிரம்பி வடிகிறது. வடிந்ததெல்லாம் வெப்பமாகிறது. புராசசர் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். தாளத்தை 10 சதவீதம் கூட்டினால் சூடும் 10 சதவீதம் கூடும். வோல்ட் அப்படி இல்லை. சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட்டை 10 சதவீதம் கூட்டினால் 1.1 பெருக்கல் 1.1, அதாவது 21 சதவீதம் கூடும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால்? 1.1 பெருக்கல் 1.21. நோட்டை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், 1.331 வரும். வேகம் 10 சதவீதம் ஏறியதற்குச் சூடு 33 சதவீதம் ஏறிவிட்டது! 125 வாட் எடுத்த புராசசர் இப்போது சுமார் 166 வாட் எடுக்கும்.

166 வாட் என்ன பெரிய விஷயம், இஸ்திரிப் பெட்டியே 1000 வாட் ஆயிற்றே என்று கேட்பீர்கள். இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம் உள்ளங்கையைவிடப் பெரியது. புராசசரின் உலோக மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு தபால்தலையைவிடச் சிறியது. சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் இஸ்திரிப் பெட்டி தோற்றுவிடும்.

இந்தச் சூட்டைச் சில்லிலிருந்து எடுத்துக் காற்றில் விடுவதுதான் ஏர் கூலரின் வேலை. (வீட்டில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறோமே, அந்த ஏர் கூலர் இல்லை.) நல்ல கூலரைப் பிரித்துப் பார்த்தால் அடியில் செம்புத் தகடு, அதிலிருந்து மேலே போகும் செம்புக் குழாய்கள், அவற்றில் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள், பக்கத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கும். அந்தக் குழாய்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பாகம். வெறும் கம்பிபோலத் தெரிந்தாலும் உள்ளே காலி. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளி தண்ணீரை மட்டும் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் அல்லவா? கீழே சில்லின் சூட்டில் ஆவியான தண்ணீர் மேலே தகடுகளுக்குப் போய்க் குளிர்ந்து, மறுபடி நீராகி, குழாயின் உட்சுவர் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஊறுவதுபோல் ஊறிக் கீழே வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். இஸ்ரோவின் செயற்கைக்கோள்களிலும் இதே உத்திதான், அங்கே குழாய்க்குள் தண்ணீருக்குப் பதிலாக அமோனியா இருக்கும்.

சில்லின் மூடிக்கும் கூலரின் செம்புக்கும் நடுவே சாம்பல் நிறப் பசை ஒன்று தடவுவார்கள். தெர்மல் பேஸ்ட். இரண்டு உலோகப் பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. பள்ளத்தில் காற்று நின்றுவிடும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் சுமார் 15,000இல் ஒரு பங்குதான் காற்றுக்கு உண்டு. பேஸ்ட் அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறது. சில ஆண்டுகளில் அது உலர்ந்துபோகும். "பேஸ்ட் காஞ்சு போச்சு தம்பி, அதான் ஹீட்டாகுது" என்று கம்ப்யூட்டர் கடை அண்ணன் சொன்னால் நம்பலாம். பட்டாணி அளவு போதும். பரோட்டாவுக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் ஊற்ற வேண்டியதில்லை.

சரி, இப்போது திருவண்ணாமலைக் கணக்கு. ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்துகிறது, அவ்வளவுதான். நமக்கு ஃபேன் காற்று சில்லென்று இருப்பதற்குக் காரணம் நம் வியர்வை ஆவியாவது. புராசசருக்கு வியர்க்காது! அறைக் காற்று 36 டிகிரி என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏர் கூலராலும் புராசசரை 36க்குக் கீழே கொண்டுவர முடியாது. கூலர் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: புராசசர் அறையைவிட எத்தனை டிகிரி அதிகமாக இருக்கும் என்பது.

ஒரு நடுத்தரக் கூலர், ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 125 வாட்டுக்கு ஏற்றம் 50 டிகிரி. மார்கழியில் அறை 24 டிகிரி இருந்தால் புராசசர் 74. கத்திரியில் அறை 36 என்றால் 86. இரண்டுமே தாங்கும். இப்போது ஓவர்கிளாக் செய்த 166 வாட்டுக்குப் போடுங்கள். ஏற்றம் சுமார் 66 டிகிரி. மார்கழியில் 90, சமாளிக்கலாம். கத்திரியில் 102.

இன்டெல் புராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசைக்கு 95. எல்லையைத் தொட்டதும் புராசசர் எரிந்துவிடாது, அது புத்திசாலி. தானே தாளத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத் திராட்லிங் என்பார்கள். ஆக, மார்கழி இரவில் அண்ணன் ஆசையாக ஏற்றி வைத்த வேகத்தை மே மாதத்தில் புராசசரே இறக்கிவிடும். சில நேரம் ஓவர்கிளாக் செய்யாத கம்ப்யூட்டரைவிட மெதுவாகக்கூட ஓடும். கேபினட்டை மேசையின் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் நிலைமை இன்னும் மோசம். அங்கே புராசசர் சுவாசிப்பது அறைக் காற்றை அல்ல, தான் விட்ட சூட்டையே.

இந்த ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. தூசி. வண்டிகள் கிளப்பும் புழுதி, ஊதுபத்திப் புகை, சாம்பிராணி. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே பூஜை அலமாரி இருந்தால் பிசுபிசுப்பான கரியும் தூசியும் சேர்ந்து அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃபேன் என்னதான் சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. பெரியவர்களோடு சேர்ந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ப்ளோயர் வைத்து ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெட்டுவிடும்.

சிலிக்கானுக்குச் சூடு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சாட்சி திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீன் ஒளியைப் பதிவுசெய்வதும் ஒரு சிலிக்கான் சில்லுதான். அதைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்துப் பயன்படுத்துகிறார்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிப்பது. ஏன் அவ்வளவு குளிர்? சிலிக்கான் சூடாக இருந்தால் ஒளி படாமலேயே எலக்ட்ரான்கள் விடுபட்டுப் பொய்ப் புள்ளிகளை உண்டாக்கும். புராசசரிலும் இதேபோல் சூடு ஏற ஏற, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசியும். கசிவு மேலும் சூடாக்கும், சூடு மேலும் கசியவைக்கும். சாதனைக்காக ஓவர்கிளாக் செய்பவர்களும் இப்படிப்பட்ட குளிர் திரவங்களைத்தான் ஊற்றுகிறார்கள். 2011இல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் புராசசர் ஒன்று 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுக் கின்னஸில் இடம்பிடித்தபோது, திரவ ஹீலியம் ஊற்றித்தான் அதைக் குளிர்வித்தார்கள். சில நிமிடச் சாகசம், அவ்வளவே. வீட்டில் யாரும் அப்படி கேம் ஆடுவதில்லை.

முன்பு காற்றை மட்டும் நம்பியே அள்ளிய காலம் இருந்தது. 1998இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ, விலை மலிவான 300 மெகாஹெர்ட்ஸ் புராசசர். அதன் அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 450இல் ஓடியது! ஐம்பது சதவீதம் இலவசம். இன்று அந்த இலவசம் கிடையாது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை இன்றைய புராசசர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. கம்பெனி நமக்கென்று விட்டுவைக்கும் மிச்சம் மிகக் குறைவு. அந்த மிச்சத்துக்காக வோல்ட்டை ஏற்றுவது ஆபத்தும்கூட. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் சில, தேவைக்கு மேல் வோல்ட் வாங்கியதால் நிலைகுலைந்தன. 2024இல் இன்டெலே அவற்றின் உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்ட வேண்டியதாயிற்று. அவற்றில் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே பழுதானவை.

என்னைக் கேட்டால் திருவண்ணாமலை அண்ணன் எதிர்த்திசையில் போக வேண்டும். வேகத்தைத் தொடாமல் வோல்ட்டை மட்டும் கொஞ்சம் குறைப்பது. இதற்கு அண்டர்வோல்ட்டிங் என்று பெயர். எல்லாச் சில்லுக்கும் பொருந்தும்படி கம்பெனி கொஞ்சம் தாராளமாகவே வோல்ட் கொடுத்திருக்கும். மதர்போர்டு அனுமதித்தால் 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். 0.95 பெருக்கல் 0.95. சூடு கிட்டத்தட்ட 10 சதவீதம் இறங்கும். நம் கணக்கில் 125 வாட் 113 ஆகும், கத்திரியிலும் புராசசர் 81 டிகிரியில் நிற்கும். ஃபேன் இரைச்சலும் குறையும், மின்கட்டணமும் கொஞ்சம் குறையும். வேகம் குறையாது.

ஏற்றினாலும் இறக்கினாலும் சோதனையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். கூலரின் உலோகமும் கேபினட்டுக்குள் இருக்கும் காற்றும் முழுதாகச் சூடேறக் கொஞ்ச நேரம் எடுக்கும். முதல் சில நிமிடங்களில் தெரியும் டிகிரி உண்மையான டிகிரி அல்ல. அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். பயாஸைத் தொடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். உத்தரவாதம் போகுமா என்று அவர் முதலில் படித்துப் பார்க்கட்டும்.

எதையும் மாற்றாமலே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். ஒரே கேமை அரை மணி நேரம் ஆடிவிட்டு, புராசசரின் டிகிரியையும் அறையின் டிகிரியையும் நோட்டில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். மார்கழியில் ஒரு முறை, கத்திரியில் ஒரு முறை. இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் கூலர் நலமாக இருக்கிறது என்று பொருள். மே மாதத்து விடை பெரிதாக இருந்தால் முதலில் தூசியைத் தட்டுங்கள், பிறகு பேஸ்ட்டைப் பாருங்கள். உங்களுக்கு எத்தனை டிகிரி வந்தது என்று ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.