புரோகிராம் ஓடலையா? கேட்கிற முறை இருக்கு!



நம் கம்ப்யூட்டர் லேபில் அதிகம் காதில் விழும் வாக்கியம் எது தெரியுமா? "அக்கா, புரோகிராம் வரல!" அதற்கு அடுத்த இடம், "இதுகூடத் தெரியாதா?" என்பதற்கு. முதல் வாக்கியத்தால் பிரயோஜனம் இல்லை. இரண்டாவதால் நஷ்டமே உண்டு. முதலில் முதல் வாக்கியத்தைப் பார்ப்போம்.

2019-ல் வந்த புதிய புத்தகத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்துவிட்டது. நம்மில் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேப் பீரியடுதான் கதி. அந்தப் பீரியடில் பாதி, "என்ன வரல? எங்க வரல?" என்று விசாரிப்பதிலேயே போய்விடுகிறது.

ஒரு உதாரணம். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் சின்ன புரோகிராம். "கூட்டல் தப்பா வருது" என்று ஒருவர் சொன்னால், யாராக இருந்தாலும் எழுந்து வந்து பார்த்தால்தான் உண்டு. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இன்புட் போட்டு இரண்டு எண் வாங்கினேன். 5, 7 கொடுத்தேன். 12 வரணும், ஆனா 57 வருது." அவ்வளவுதான்! தெரிந்தவர் இருந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார். பைத்தானில் இன்புட் எதை வாங்கினாலும் சரமாகத்தான் வாங்கும். இரண்டு சரங்களைக் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றணும். அந்த 57 என்ற எண்ணே நோயைக் காட்டிக் கொடுத்துவிட்டது பாருங்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்போமா?

ஆக, என்ன செய்தோம், என்ன வரணும், என்ன வந்தது. இந்த மூன்றையும் சொல்லணும். திரையில் பிழைச் செய்தி வந்தால் அதை எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுக்கணும். "ஏதோ எரர்" என்றால் ஆகாது. பைத்தானில் அந்தச் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகைப் பிழை என்று அதில் இருக்கும். எத்தனையாவது வரி என்பது அதற்கு மேலே இருக்கும்.

(மறைமலை அடிகள் பெயர் வைத்த ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு ஆங்கிலச் சொல்லா என்று தமிழ் ஐயா கேட்பார். சரம், உள்தள்ளல் எல்லாம் நம் புத்தகத்திலேயே இருக்கு ஐயா. கம்ப்யூட்டர்தான் ஆங்கிலத்தில் திட்டுது!)

உள்தள்ளல் என்றதும் ஞாபகம் வருகிறது. பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. ஆகவே புரோகிராமைத் தாளில் எழுதிக் காட்டும்போது இடம் விட்டு எழுதணும். எல்லா வரியையும் ஓரத்தில் ஒட்டி எழுதினால் எது எதற்குள் இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

இந்தப் பழக்கமெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை லினக்ஸ் ஆர்வலர்கள் கூடிப் பேசினார்கள். கட்டணம் கிடையாது. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழும் தமிழில் இலவசமாகவே கற்றுக்கொடுக்கிறது. சம்பளமில்லாமல் சொல்லித் தருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதுதான் இந்த மரியாதைகளுக்கெல்லாம் அடிப்படை.

அந்த லினக்ஸ் தொடங்கியதும் ஒரு கேள்வியோடுதான். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது வயது 21, மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரிடம் அதில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டு எழுதினார். தான் செய்துகொண்டிருப்பதில் எவையெல்லாம் ஓடுகின்றன, எது ஓடாது என்பதையும் சேர்த்தே எழுதினார். கேள்வி என்றால் அது கேள்வி!

ஆனால் அவருடைய இன்னொரு பக்கமும் உண்டு. சக நிரலாளர்களைக் கடுமையாகத் திட்டி எழுதுவதில் பேர் போனவர் அவர். 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, சில வாரம் பொறுப்பிலிருந்து விலகி இருந்தார். அதே மாதம் அந்தத் திட்டத்துக்கு நடத்தை விதிகள் வந்தன. உலகமே பயன்படுத்தும் மென்பொருளைச் செய்தவருக்கே அந்த விதி என்றால், நமக்கு எம்மாத்திரம்?

இப்போது இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். பதினொன்றில் என்னோடு படித்த ஒரு தோழி, ஒரு செமிகோலன் சந்தேகம் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் "இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. பிராக்டிகலுக்கு எல்லா புரோகிராமையும் மனப்பாடம் செய்து எழுதினாள். மார்க் வந்தது. இந்த வருஷம் பைத்தானையும் மனப்பாடம்தான் செய்கிறாள். அன்றைக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

நேரமில்லை என்றால் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லலாமே. தெரியாவிட்டால் "எனக்கும் தெரியல, வா பார்க்கலாம்" என்று சொல்லலாம். ரெக்கார்டு நோட்டுக்கு முழு புரோகிராமையும் எழுதிக் கேட்பவர்களுக்கு மட்டும் நான் தரமாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி. எங்கே மாட்டியது என்று கேட்டால் கூட உட்காருவேன்.

கேட்பதற்கு முன் ஒரு வேடிக்கையும் செய்து பார்க்கலாம். 1999-ல் வந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற புத்தகத்தில் ரப்பர் வாத்து ஒன்று வருகிறது. புரோகிராமை வரி வரியாக அந்த வாத்துக்கு விளக்கணுமாம். சொல்லும்போதே தப்பு தெரிந்துவிடும். வாத்து இல்லாவிட்டால் லேப் சுவர் போதும்.

பதில் கிடைத்த பிறகு "ஓகே, வந்துடுச்சு" என்று ஓடிவிடாதீர்கள். எதை மாற்றியதும் வந்தது என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்து அதே இடத்தில் மாட்டுபவருக்கு உதவும். அதற்காக லேப் கதவருகே ஒரு நீள நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். பெயர் எழுத வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் 57 இருக்கிறது. பேனாவைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள்!

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு