ஊற்றுக் குறைந்த கிணறும் பனிக்காலப் புஷ்பச் சாகுபடியும்

மார்கழியில் கோயில்களுக்கும், தை பிறந்ததும் விவாகங்களுக்குமாக நிலக்கோட்டை, திண்டுக்கல் சந்தைகளில் புஷ்பங்களுக்குக் கிராக்கி ஏற்படுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். அதை நம்பிச் சங்கங்களுக்குப் பூஞ்செடிக் கடன் மனுக்கள் வருகின்றன. மனுவில் நிலத்தின் பரப்பு இருக்கும். கிணற்றின் ஊற்றைப் பற்றி ஒரு வரியும் இராது. யான் தணிக்கைக்குச் சென்ற ஓரூரில் அங்கத்தினர் ஒருவர் அரை ஏக்கர் சாமந்தி நட்டார். மொட்டுக் கட்டும் தருணத்தில் கிணறு வறண்டது. பயிரையும் இழந்து, கடன் தவணையும் தவறினார். 15 சென்ட்டோடு நின்றிருப்பாராயின் தப்பியிருப்பார்.

ஆகவே நாற்று விடுமுன் ஊற்றை அளத்தல் வேண்டும். மாலையில் இறைத்து முடித்தபின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடியற்காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறதெனப் பார்க்க. 15 அடி குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி ஏறினால் அது ஏறக்குறைய 5,000 லிட்டர். ஒரு சென்ட் நிலத்தில் ஓர் அங்குல உயரம் நீர் பாய 1,030 லிட்டர் வரை செல்லும். நாளொன்றுக்கு ஐந்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பாயும். ஆறு நாளைக்கொரு தண்ணீரென்றால் 29 சென்ட் எனக் கணக்கு வரும். வாய்க்கால் குடிப்பது போக 20 சென்ட்டுக்குமேல் துணிதல் கூடாது. மாடு கன்றுகளுக்கும் அதே கிணறாயின் இன்னுங் குறைத்துக்கொள்க.

சாமந்தியோ பகற்பொழுது குறுகிய பின்னரே மொட்டு விடும். ஆனி, ஆடியில் நட்டு, மழை வரும்வரை இறைத்தே காப்பாற்றவேண்டும். ஜலக்குறைவுள்ளோருக்குத் துலுக்கச் சாமந்தியே தக்கது. புரட்டாசித் தொடக்கத்தில் விதைத்து, ஒரு மாத நாற்றை ஐப்பசியில் நட்டால், வடகிழக்குப் பருவமழையே அதனை வேரூன்றச் செய்யும். நட்ட இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். பார் பிடித்து அதன் பக்கவாட்டில் நடுக. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு மாதத்தில் நுனி கிள்ளினால் கிளைகள் மிகும். மழை ஓய்ந்ததும் பார்களின்மீது வைக்கோலோ சருகோ பரப்பி, ஒன்றுவிட்டொரு சாலில் நீர் பாய்ச்சி, மறுமுறை விட்ட சால்களுக்குப் பாய்ச்சலாம். மொட்டுப் பருவத்தில் மட்டும் இந்தச் சிக்கனம் ஆகாது.

வேலியோரத்தில் டிசம்பர் பூவின் குச்சிகளை மழைக்காலத்திலேயே ஊன்றிவிடுக. வாசனையற்றதெனினும் வறட்சியைத் தாங்கும். வீட்டுப் பெண்டிர் சூடப் போதும். அதற்குத் தனிப் பாய்ச்சலும் வேண்டாம், கடன் மனுவும் வேண்டாம்.