சப்ரகமுவையில் சிவானந்தனை வாசித்தல்

அம்பலவாணர் சிவானந்தன் 2018 ஜனவரி 3ஆம் திகதி லண்டனில் காலமானார். வயது 94. இனவாதத்தை எதிர்த்த சிந்தனையாளர் என்றுதான் வெளியுலகம் அவரை அறியும். நாவலாசிரியர் என்பது அதற்குப் பிறகுதான். சப்ரகமுவையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இருந்து பார்த்தால் அந்த வரிசை மாறிவிடும்.

பூர்வீகம் சண்டிலிப்பாய், பிறந்தது 1923இல், கொழும்பில். பொருளியல் படித்து, மலையகத்தில் ஆசிரியராக இருந்து, பின் இலங்கை வங்கியில் முகாமையாளர் வரை உயர்ந்தவர். மனைவி சிங்களவர். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தோடு அந்த வாழ்க்கை முறிந்தது. உயிர் தப்பி லண்டன் போய்ச் சேர்ந்தால், அதே வருடம் அங்கே நொட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கரீபியரைத் துரத்தித் துரத்தி அடிக்கின்றன. இங்கே தமிழன் என்று அடி, அங்கே கறுப்பன் என்று அடி. நூலகராகப் படித்துத் தேறி, 1964இல் இன உறவுகள் நிறுவகத்தில் சேர்ந்தார். கம்பனிகளின் பணத்தில் நடந்த நிறுவகம் அது. 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் வாக்கெடுப்பில் அதைத் தம் பக்கம் திருப்பினார்கள். மறுவருடம் நூலகரே பணிப்பாளர்!

‘வென் மெமரி டைஸ்’ நாவல் 1997இல் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். சகாதேவன், மகன் ராஜன், ராஜன் வளர்த்த சிங்களப் பிள்ளை விஜய் என்று மூன்று தலைமுறை. விஜயின் தாய் லாலி 1958இல் கொல்லப்படுகிறாள். கொன்றவர்கள் சிங்களவர், லாலியும் சிங்களப் பெண். கடைசியில் விஜயைத் தமிழ் இயக்கத்தவரின் துப்பாக்கி தின்கிறது. இரண்டு பக்கத்திலும் இந்த நாவலைத் தூக்கிக் கொண்டாட ஆள் குறைவு என்றால் அதில் வியப்பில்லை.

கதை நம் தோட்டங்களில் நடக்கவில்லைதான். ஆனால் தொழிலாளர் ஒற்றுமையை மொழி அரசியல் எப்படிக் கொத்திக் கொத்தித் தின்றது என்ற அதன் விசாரணைக்கு, லயங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள் நெருங்கியிருக்கும் சப்ரகமுவையை விடப் பொருத்தமான சாட்சி இல்லை. 1934–35 மலேரியாவில் கேகாலைக் கிராமங்கள் சுருண்டு கிடந்தபோது பருப்புப் பங்கிட்டுத் திரிந்தார் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா. ‘பருப்பு மாத்தயா’ என்று சனம் அவருக்குப் பேரே வைத்தது. 1936இல் றுவன்வெல்ல மக்கள் அவரை அரச சபைக்கு அனுப்பினார்கள். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது அவரது சமசமாஜக் கட்சி எதிர்த்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தது. 1964இல் அதே என்.எம். பிரதமர் ஸ்ரீமாவோவின் நிதி அமைச்சர். அந்த ஒக்டோபரில்தான் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப, அந்நாட்டுப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் ஆனது. பால்வாளியோடு ரப்பர் மலை ஏறியவனிடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் தோட்டத் தமிழர் மேல் அடி விழுந்தது. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ. காடையரை மட்டும் பழிசொல்லிவிட்டு நகர்வது நமக்குப் பழகிவிட்டது. சிவானந்தன் அதற்கு முன்பே போய், பருப்புக் கொடுத்த கை எந்த இடத்தில் பின்வாங்கியது என்று தேடுகிறார். அந்தத் தேடலில் தன் இனத்தவரின் துப்பாக்கியையும் அவர் தப்பவிடவில்லை. சப்ரகமுவைக்கு இந்த நாவல் வேண்டியிருப்பது அதனால்தான்.